பாசி தீர்ந்த மறுநாள் கடல் முயல் என்ன சாப்பிடும்?

“அக்கா, டேங்க் பூரா முடிப்பாசி. கடல் முயல் ஒண்ணு வாங்கிப் போட்டுடட்டுமா?”

உப்புத் தண்ணீர் மீன் வளர்க்கிற தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. கடல் முயல் என்பது பாசி மேயும், நத்தை வகையைச் சேர்ந்த ஒரு கடல் பிராணி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “பாசி தீர்ந்த மறுநாள் அது என்னப்பா சாப்பிடும்?” இதற்குப் பதில் வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம். பதில் இல்லாதவர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கடைகளில் இதை டேங்க் சுத்தம் செய்யும் பிராணி என்று சொல்லி விற்கிறார்கள். சுத்தம் செய்யும் என்பது உண்மை. ஆனால் சுத்தமான டேங்கில் அது பட்டினி கிடந்து சாகும் என்பதையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. வீட்டு டேங்கில் இந்த ஜீவன் செத்துப்போக முதல் காரணம் பசி. இரண்டாவது காரணம் மோட்டார். மற்றதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

பெரம்பூரில் முதல் மாடி வீடு எங்களுடையது. ஹாலில் நாலடி நீள டேங்க், சுமார் 250 லிட்டர். கோமாளி மீன் ஜோடி, கார்டினல் மீன்கள், மணலைச் சலித்துக்கொண்டே இருக்கும் ஒரு கோபி மீன். உள்ளே இருப்பதெல்லாம் சிமெண்டில் வார்த்த பாறை. கடினப் பவளம் நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உயிருள்ளதோ செத்ததோ, கடலிலிருந்து பெயர்த்து வந்த பவளத் துண்டு எனக்கு வேண்டாம். ஒவ்வொரு வெயில் காலத்திலும் அந்தச் சிமெண்டுப் பாறைகளில் பச்சைப் பாசி முடி முடியாகத் தொங்க ஆரம்பித்துவிடும். கையால் பிடுங்குவேன், டூத் பிரஷ்ஷால் தேய்ப்பேன், டியூபால் உறிஞ்சி எடுப்பேன். அப்படியும் இண்டு இடுக்கில் வேர் பிடித்து நிற்பதைத்தான் கடல் முயலுக்கு விடுகிறேன்.

நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் டோலபெல்லா ஆரிகுலேரியா. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் ஆழம் குறைந்த இடங்களில், கடற்புல்லுக்கு நடுவே வாழும் இனம். கடைக்கு வரும்போது உள்ளங்கை அளவு இருக்கும். கடலில் 40 செ.மீ. வரை வளரக்கூடியது. பச்சையும் பழுப்பும் கலந்த மேனி. ஓடு வெளியே தெரியாது, முதுகுச் சதைக்குள் மறைந்திருக்கும். பின்பக்கம் சரிவாக அரிந்தெடுத்தது போலத் தட்டையாக இருக்கும், அதன் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னச் சதைத் துளிர்கள். தலையில் இரண்டு ஜோடி உணர்கொம்புகள். மேலே நிமிர்ந்து நிற்கும் ஜோடியைப் பார்த்துத்தான் முயல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பகலெல்லாம் மணலில் பாதி புதைந்து கிடக்கும். வாங்கின புதிதில் “அசையவே மாட்டேங்குதே, செத்துப்போச்சா?” என்று போன் செய்யாதவர்களே இல்லை. பகலில் அப்படித்தான் இருக்கும்.

அதன் வேலை நேரம் ராத்திரி. விளக்கை அணைத்து அரை மணி கழித்து, டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொண்டு பாருங்கள். முன் கொம்புகளால் பாறையைத் தடவிக்கொண்டே நகரும். பாசி பட்டதும் நின்றுவிடும். நெடுக்காகக் கீறியது போன்ற வாய், இரண்டு உதடுகளும் இருபுறமும் விலகும். உள்ளிருந்து பல் பதித்த நாக்குப் பட்டை எட்டிப் பார்த்து, பாசியைப் பற்றி, உள்ளே இழுத்துக்கொள்ளும். பாசி இழை ஒரு கணம் விறைத்து நிற்பதும் பிறகு அறுவதும் கண்ணாடிக்கு இப்பால் இருந்தே தெரியும். மறுபடி உதடு விலகும். நிற்காமல் இதே வேலை. காலையில் அது போன வழியெங்கும் பாறை வெளுப்பாகத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது என் மகள் பள்ளிக்கூடம் போக மறந்து நின்றாள்.

இப்படித் தின்றால் பாசி எத்தனை நாள் தாங்கும்? என் அளவு டேங்க் சில வாரங்களில் மொட்டையாகிவிடும். சிறிய டேங்க் சில நாளிலேயே. 200 லிட்டருக்குக் கீழ் வைத்திருப்பவர்கள் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பசி வந்துவிட்டதை உடம்பே காட்டிவிடும். கடல் முயல் பட்டினி கிடந்தால் இளைப்பது மட்டும் இல்லை, அளவிலேயே சுருங்கும். பகலிலும் கண்ணாடியில் ஏறி இறங்கி அலையும். பிறகு பிடிமானம் தளரும். அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டால் மீட்பது கடினம். அதனால் பாசி பாதி தீர்ந்தபோதே நான் கைத்தீனி பழக்கிவிடுவேன்.

கைத்தீனிக்கு நோரி போதும். ஜப்பான்காரர்கள் சோறு சுருட்டும் அதே கடற்பாசித் தாள்தான். ஆனால் எண்ணெய், உப்பு, மசாலா எதுவும் படாததாக இருக்க வேண்டும். பொடிப் பொடியாகக் கிழித்து மிதக்க விட்டால் மீன்தான் தின்னும். தாளை நாலாக மடித்து, ஒரு தட்டைக் கல்லில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, விளக்கு அணைந்த பிறகு அதன் வாய்க்கு முன்னால் வைக்க வேண்டும். முன் கொம்பில் பட்டதும் வாய் அசைய ஆரம்பிக்கும். நன்றாகத் தின்னும் ஒன்று ராத்திரிக்கு அரைத் தாளைக் காலி செய்யும். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள், விட்டால் அழுகும். ராமநாதபுரம் பக்கத்துப் பெண்கள் கடலில் இறங்கிப் பறிக்கும் கஞ்சிப்பாசியும் நல்ல தீனி. சொந்தக்காரர்கள் வரும்போது காய்ந்த கஞ்சிப்பாசி கொஞ்சம் வாங்கி வரச் சொல்வேன். நல்ல தண்ணீரில் அலசி ஊறவைத்துக் கொடுத்தால் நோரியை விட ஆசையாகத் தின்கிறது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பாசியைக் கடல் முயல் தின்றுவிட்டதாலேயே பாசிக்கான உரம் டேங்கை விட்டுப் போய்விடாது. இந்தப் பக்கம் தின்றது அந்தப் பக்கம் பச்சைக் கழிவாக மணலில் விழுகிறது. அதை டியூபால் உறிஞ்சி வெளியேற்றாமல், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் சுத்தம் செய்யாமல் விட்டால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அப்படியே நிற்கும், பாசி திரும்ப முளைக்கும். மீனுக்கு அள்ளிப் போடும் தீனியைக் குறைப்பது, போர் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ நேராக ஊற்றாமல் ஆர்ஓ தண்ணீரில் உப்பு கலப்பது, இந்த இரண்டையும் செய்யாதவருக்குக் கடல் முயல் உதவாது. குமிழ் குமிழாக வரும் பாசியையும் பாறையில் படியும் இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசியையும் அது பெரும்பாலும் தொடாது. சளி மாதிரி பழுப்பாக, காற்றுக் குமிழ்களைக் கோத்துக்கொண்டு தொங்கும் சமாச்சாரம் இருந்தால் கடல் முயலை அதில் இறக்கவே கூடாது. அது டைனோஃபிளாஜலேட் என்ற நுண்ணுயிராக இருக்கலாம். அவற்றில் சில இனங்கள் விஷம். மேயும் நத்தைகள் செத்து விழும். உங்கள் டேங்கில் நத்தைகள் காரணம் தெரியாமல் செத்துக்கொண்டிருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்.

இனி மோட்டார். கடல் முயலுக்கு எலும்பில்லை, மேலே ஓடில்லை. உடம்பு அத்தனையும் நீர் கோத்த சதை. தண்ணீரில் ஓட்டம் உண்டாக்கும் மோட்டாரான வேவ்மேக்கரின் உறிஞ்சும் பக்கத்தில் ஓரம் சிக்கினால் போதும், இழுத்துக் கிழித்துவிடும். கம்பெனியில் கொடுக்கும் பிளாஸ்டிக் கூண்டின் இடைவெளி மீனுக்காகச் செய்தது, இதற்குப் போதாது. நான் கரடுமுரடான கருப்பு ஃபில்டர் ஸ்பாஞ்சை உறை மாதிரி வெட்டி வேவ்மேக்கருக்கு மாட்டியிருக்கிறேன். தண்ணீர் வழிந்து ஃபில்டருக்குப் போகும் ஓவர்ஃபுளோவின் பற்களுக்கு முன்னால் நைலான் கொசுவலையை இரட்டையாக மடித்து, நைலான் டையால் கட்டியிருக்கிறேன். கம்பி வலை வேண்டாம், உப்புத் தண்ணீரில் துருப்பிடித்துவிடும். நீரோட்டம் கொஞ்சம் குறையத்தான் செய்யும், குறையட்டும். ஸ்பாஞ்சில் அழுக்கு ஏறிக்கொண்டே இருக்கும்; வாரம் ஒரு தடவை கழற்றி, டேங்கிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து மாட்டினால் சரி.

நம் ஊரில் இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ராத்திரி கரண்டு போகிறது. வேவ்மேக்கர் நிற்கிறது. தண்ணீர் அசைவில்லாமல் இருக்கிறது. மேயும் நேரம் அதுதான் என்பதால் கடல் முயல் ஓடாத மோட்டார் மேல் நிதானமாக ஏறி உட்காருகிறது, மோட்டாரின் உடம்பிலும் பாசி இருக்குமே. கரண்டு வருகிறது. தெரிந்த ஒருவர் வீட்டில் காலையில் போய்ப் பார்த்தபோது தண்ணீர் ஊதா நிறமாக இருந்தது, கூண்டுக்குள் பாதி உடம்பு. அவர் வீட்டு மோட்டார் சின்ன மோட்டார்தான். ஓடிக்கொண்டிருந்தபோது கடல் முயல் அதன் பக்கமே போனதில்லை என்றார். அதனால் “என் மோட்டார்ல இழுப்பு கம்மி” என்று யார் சொன்னாலும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. உறை மாட்டாத டேங்குக்குக் கடல் முயல் கொடுப்பதில்லை. கரண்டு போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்றும் கட்டாயம். மீனுக்கும் அதுதான் உயிர்.

ஊதா நிறம் என்றேன். அது கடல் முயலின் மை. பயந்தால், யாராவது கடித்தால், கையால் அழுத்தினால் பீய்ச்சும். சிவப்புப் பாசி இனங்களில் உள்ள நிறமியிலிருந்துதான் அந்த ஊதாவைச் செய்துகொள்கிறது. வெறும் பச்சைப் பாசியே கொடுத்து வளர்த்தால் மை வற்றிவிடும் என்பதை அப்ளீசியா இனக் கடல் முயல்களில் ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். நோரித் தாள் கரும்பச்சையாகத் தெரிந்தாலும் அது சிவப்புப் பாசி இனம். கஞ்சிப்பாசியும் அப்படியே. ஆகவே நம் கையால் சாப்பிடும் கடல் முயலிடம் மை தயாராக இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அலசிய ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு வலைப் பையில், கலந்து வைத்த உப்புத் தண்ணீர் ஒரு டிரம்மில், இரண்டும் என் வீட்டில் எப்போதும் இருக்கும். மை கலந்தால் கார்பனை ஓட்டத்தில் வைத்து, ஸ்கிம்மரை முழு வேகத்தில் விட்டு, கால்வாசித் தண்ணீர் மாற்றுவேன். கொஞ்சம் மை கலந்ததற்கு டேங்க் அழிந்துவிடாது, பதற வேண்டாம். செத்த உடம்பு கவனிக்கப்படாமல் கிடந்து அழுகுவதுதான் மீன்களைக் கொல்லும். தினமும் காலையில் அது எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

வாங்கி வரும் நாளில் அவசரம் கூடாது. பையில் மை கலங்கியிருந்தால் அந்தத் தண்ணீர் டேங்குக்குள் போகக் கூடாது. ஒரு வாளியில் இறக்கி, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு டேங்க் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் பழக்குங்கள். உப்பின் அளவு சட்டென்று மாறுவதை இதைப் போன்ற மெல்லுடலிகள் தாங்காது. கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பிடித்து இழுக்காதீர்கள், பாதம் கிழியும். பக்கவாட்டில் விரலை மெதுவாக நுழைத்து வழுக்கி எடுத்து, தண்ணீருக்குள்ளேயே ஒரு டப்பாவில் வாங்கிக்கொள்ளுங்கள். வலையில் தூக்க வேண்டாம்.

வெப்பம் 24 முதல் 27 டிகிரி, உப்பு, அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் 1.025, அம்மோனியா சுழியம். மே மாதச் சென்னையில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் இது நடக்காது. சில்லர் வாங்க முடியாதவர்கள் தண்ணீர் மட்டத்தில் ஃபேன் வைப்பார்கள். இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நின்று ஏறிக்கொண்டே போகும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரைத் தினமும் ஊற்றாமல் ஃபேன் வைப்பது கடல் முயலுக்குக் கெடுதல். வெள்ளைப் புள்ளி நோய்க்குக் காப்பர் மருந்து ஊற்றிய டேங்கிலும் விடாதீர்கள். பாறையிலும் மணலிலும் ஊறிய செம்பு பிறகும் கசியும், இதற்கு அது விஷம். பஃபர் மீன், டிரிகர் மீன், பெரிய நண்டு, கடல் சாமந்தி (அனிமோன்) இருக்கும் வீடுகளுக்கும் இது வேண்டாம். கடல் சாமந்தி சும்மா இருக்கும், இந்த அப்பாவிதான் ராத்திரி இருட்டில் தானே போய் அதன் மேல் ஏறிக் கொட்டு வாங்கும்.

கலிபோர்னியாக் கடல் முயலைப் பற்றிப் படித்துவிட்டு அது கிடைக்குமா என்று கேட்கிறவர்கள் உண்டு. நரம்பியல் விஞ்ஞானி எரிக் கண்டெல் நினைவாற்றலை ஆராய்ந்தது அந்த அப்ளீசியா கலிபோர்னிக்காவில்தான். 2000ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தக் கடல் முயலுக்கு மொத்தம் சுமார் 20,000 நரம்பு செல்கள், சில வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. தொட்டால் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும், ஆபத்தில்லை என்று புரிந்தால் இழுப்பது குறையும். அதாவது இந்தப் பிராணி கற்றுக்கொள்கிறது. ஆனால் அது குளிர்ந்த கடலில் வாழ்வது, நம் டேங்கின் சூட்டில் வாழாது. நம் டோலபெல்லாவுக்கும் ஒரு பெருமை உண்டு. அமெரிக்க வேதியியலாளர் ஜார்ஜ் பெட்டிட் குழுவினர் இதிலிருந்து பிரித்து 1987இல் வெளியிட்ட டோலஸ்டாட்டின் 10 என்ற பொருளை மாதிரியாக வைத்துச் செயற்கையாகச் செய்த ஒரு மூலக்கூறு, ப்ரென்டுக்சிமாப் வெடோட்டின் என்ற மருந்தில் இருக்கிறது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2011இல் அனுமதி பெற்றது. அந்தப் பொருளைச் செய்வது கடல் முயல் இல்லை, அது மேயும் நீலப்பச்சைப் பாசி என்று பிறகு தெரியவந்தது. மேய்வதை உடம்பில் சேர்த்து வைக்கும் ஜீவன் என்பதால், தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளைத் தொட விடாதீர்கள்.

சரி, பாசி தீர்ந்த மறுநாள்? எங்கள் வட்டத்தில் பெரம்பூர், கொளத்தூர், வில்லிவாக்கம், அண்ணா நகர் என்று சில வீடுகள் சேர்ந்து ஒரே கடல் முயலைச் சுற்றுக்கு விடுகிறோம். ஒரு வீட்டில் பாறை வெளுக்கும்போது அடுத்த வீட்டில் பாசி முளைத்திருக்கும். கொண்டு போவதற்கு முன் இரண்டு டேங்கின் உப்பையும் அளந்து பார்ப்போம். மூடி போட்ட வாளியில் அதன் டேங்க் தண்ணீரோடு, வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புவோம். கூடவே ஒரு நோரிப் பாக்கெட்டும் போகும். போன வீட்டில் பாசி சீக்கிரம் தீர்ந்தால் அடுத்த ஆள் தயாராகும் வரை அந்த வீட்டார் கைத்தீனி கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. யாரிடமும் பாசி இல்லாத மாதங்களும் வரும். அப்போது என் வீட்டில் நோரியும் கஞ்சிப்பாசியும் தின்று இருக்கும். செலவு ஒன்றும் பெரிதில்லை.

எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் கடல் முயல்களுக்கு ஆயுசு குறைவு. பல இனங்கள் ஒரு வருடம் தாண்டினாலே அதிகம். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் டேங்கில் தனியாக இருப்பதும் முட்டையிடும், கடலில் சேர்ந்தபோது வாங்கி வைத்த விந்து உடம்பில் இருந்தால். சிக்கிய சேமியா மாதிரி பாறையில் சுற்றியிருக்கும். பிலிப்பைன்ஸில் இந்த முட்டையை லுகோட் என்று சொல்லி வினிகர் ஊற்றிச் சாப்பிடுவார்கள். வீட்டு டேங்கில் குஞ்சு பிழைக்காது. மிதக்கும் பருவத்திலேயே ஃபில்டரிலும் ஸ்கிம்மரிலும் போய்விடும். முட்டைச் சுருள் வெளுத்துக் கலைய ஆரம்பித்தால் எடுத்துவிடுங்கள். முட்டையிட்ட பிறகு சில சமயம் தீனி குறைந்து அடங்கிப்போகும். அது வயது, உங்கள் குறை இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, “முடியலன்னா கோவளம் பீச்ல கொண்டுபோய் விட்டுடலாமா அக்கா, அதுவும் கடல்தானே?” என்று ஒரு தம்பி கேட்டார். கூடாது. எந்தத் தீவிலிருந்து, எந்த நோயோடு, எத்தனை டேங்குகள் மாறி வந்தது என்று நமக்குத் தெரியாத ஒரு பிராணியை நம் கடலில் விடக் கூடாது. அதே போல் ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் போனபோது பாறைக் குட்டையில் பார்த்தேன் என்று ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டும் வரக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம். அந்தத் தம்பிக்கு நான் சொன்னது: முதலில் ஸ்பாஞ்சு உறையும் கொசுவலையும் மாட்டிப் போட்டோ அனுப்புப்பா, நோரி ஒரு பாக்கெட் வாங்கி வை. கடையில் புதிதாக ஒன்று வாங்க வேண்டாம், எங்கள் சுற்றில் இருப்பது கொளத்தூரில் வேலையை முடிக்கப் போகிறது, அடுத்து உன் வீட்டுக்கு வரட்டும்.